ஆடிட்டர் போட்ட கையெழுத்தை யார் சரிபார்ப்பது?

#1 பாம்பன்பாலம்

எல்லோருக்கும் வணக்கம். ஆடிட் தொழிலில் இருப்பவர்கள் சிலர் இங்கே எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் கேட்கிறேன்.

அப்பா விசைப்படகை விற்ற பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டார். மீதியை நம் மாவட்டத்திலேயே கிளை வைத்திருந்த ஒரு டெபாசிட் கம்பெனியில் போட்டார். பங்குகள் ஏறினாலும் இறங்கினாலும் கையில் இருக்கின்றன. டெபாசிட் கம்பெனி போன வருஷம் ஷட்டரை இழுத்து மூடிவிட்டது. பணம் கட்டிய அன்று கவுன்டரில் கொடுத்த ஆண்டறிக்கைப் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. கம்பெனியின் நிலையைக் கணக்குகள் உண்மையாகவும் நியாயமாகவும் காட்டுகின்றன என்று அதில் ஒரு சி.ஏ. கையெழுத்துப் போட்டு முத்திரையும் வைத்திருக்கிறார். அப்பா நம்பியது அந்த ஒரு பக்கத்தைத்தான்.

என் கேள்வி இதுதான். கம்பெனியை ஆடிட்டர் பார்க்கிறார். ஆடிட்டரை யார் பார்க்கிறார்கள்? டெல்லியில் இதற்கென்றே ஓர் ஆணையம் இருக்கிறதாமே, அது எங்கள் விஷயத்தில் தலையிடுமா? அப்புறம், அந்த ஆணையம் வந்தபின் ஆடிட்டின் தரம் நிஜமாகவே கூடியிருக்கிறதா, இல்லை, எல்லாம் முடிந்தபிறகு அபராதம் போடுவதோடு சரியா?

#2 ராம்நாடு ஆடிட்டர்

தம்பி, அப்பாவின் விஷயத்தைப் படித்து மனசு கனத்துப் போனது. கேள்வி நியாயமானது, முழுசாகவே பதில் சொல்கிறேன்.

1949-ல் வந்த சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்ஸ் சட்டப்படி எங்களைக் கண்காணிக்கும் வேலை எங்கள் இன்ஸ்டிட்யூட்டிடமே இருந்தது. சி.ஏ. தப்பு செய்தால் சி.ஏ.க்கள் நடத்தும் அமைப்புதான் விசாரிக்கும். இதில் நல்லதும் உண்டு, தொழில் தெரிந்தவன்தானே தொழிலை எடை போட முடியும்? ஆனால் 2009 ஜனவரி 7-ஆம் தேதி சத்யம் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு தானே ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் கிடையாது என்று அதில் இருந்தது. வருஷா வருஷம் ஆடிட் ஆன கம்பெனி அது. சுயக் கட்டுப்பாடு மட்டும் போதும் என்று அதற்குமேல் யாராலும் சொல்ல முடியவில்லை.

2013 கம்பெனிச் சட்டத்தின் 132-வது பிரிவு தேசிய நிதி அறிக்கையிடல் ஆணையத்துக்கு வழி செய்தது. சுருக்கமாக என்.எஃப்.ஆர்.ஏ. என்போம். சட்டத்தில் இடம் இருந்தும் ஐந்து வருஷம் அது உருவாகவில்லை. 2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி மோசடி வெளியே வந்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றமும் ஆடிட்டர்களுக்குத் தனி மேற்பார்வை அமைப்பு வேண்டுமா என்று அரசு ஆராயச் சொன்னது. அக்டோபர் 1-ல் ஆணையம் அமைந்துவிட்டது. அதன் தலைவரும் முழுநேர உறுப்பினர்களும் பதவியில் இருக்கும்போது மட்டுமல்ல, விட்ட பிறகும் இரண்டு வருஷம் எந்த ஆடிட் நிறுவனத்தோடும் தொடர்பு வைக்கக் கூடாது.

தப்பு நிரூபணமானால் தனி ஆடிட்டருக்குக் குறைந்தது 1 லட்சம், அதிகபட்சம் வாங்கிய ஃபீஸைப் போல ஐந்து மடங்கு அபராதம். நிறுவனத்துக்குக் குறைந்தது 5 லட்சம், பத்து மடங்கு வரை போகலாம். அபராதத்தைவிட எங்களைக் கலங்க வைப்பது தடைதான். ஆறு மாதத்தில் இருந்து பத்து வருஷம் வரை ஆடிட் செய்யவே முடியாது.

இப்போது உங்கள் விஷயம். ஆணையத்தின் கண்ணில் வருபவை பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகள், வங்கிகள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள். பட்டியலிடாத பப்ளிக் கம்பெனியாக இருந்தால் பங்கு மூலதனம் 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது கடனும் டெபாசிட்டும் சேர்ந்து 500 கோடி இருக்க வேண்டும். அப்பா வாங்கிய பங்குகளின் ஆடிட்டர்கள் இதற்குள் வருவார்கள். அந்த டெபாசிட் கம்பெனி இந்த அளவுக்குக் கீழே என்றால் அதன் ஆடிட்டர் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியது இன்ஸ்டிட்யூட்தான்.

#3 முண்டுமிளகாய்

சார் சொன்னதைப் படித்ததும் வயிறு எரிகிறது. 500 கோடி இருந்தால்தான் டெல்லி கண் திறக்குமா? சாயல்குடி, முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விற்ற காசை மகள் கல்யாணத்துக்கு என்று போட்டு வைக்கிறவர்கள் போடுவது இந்த மாதிரிச் சின்னக் கம்பெனிகளில்தான். மும்பைக் கம்பெனி விழுந்தால் மியூச்சுவல் ஃபண்டு நஷ்டப்படும், ஊர்க் கம்பெனி விழுந்தால் கல்யாணம் நிற்கும். மேற்பார்வை எங்கே வேண்டுமோ அங்கே இல்லையே!

#4 உச்சிப்புளி ஆர்டிக்கிள்

நான் சி.ஏ. இன்டர் முடித்து ஆர்டிக்கிள்ஷிப்பில், அதாவது ஆடிட்டர் அலுவலகப் பயிற்சியில், இருக்கிறேன். தரம் கூடியிருக்கிறதா என்ற கேள்விக்கு நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சேர்ந்த அலுவலகம் சின்னது. மார்ச் 31 சரக்கு இருப்புக்கு மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் கம்பெனிக்குப் போனோம். ஸ்டோர் கீப்பர் அச்சடித்த பட்டியலை நீட்டினார், கணவாய் இவ்வளவு, இறால் இவ்வளவு, நண்டு இவ்வளவு என்று. கோல்டு ஸ்டோரேஜுக்குள் மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே குளிர், மாட்டிக்கொண்டு போகக் கோட்டு ஒன்றுதான் இருந்தது. வெளியே அலுவலக அறையில் டீ குடித்துக்கொண்டே பட்டியலில் டிக் அடித்துவிட்டுத் திரும்பினோம்.

பிறகு மாறுதல் வாங்கிக்கொண்டு பட்டியலிட்ட கம்பெனிகளை ஆடிட் செய்யும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கேயும் ஒரு கடல் உணவு ஸ்டோர், அதே வேலை. ஆனால் இந்த முறை சீனியர் எங்களை உள்ளே கூட்டிப் போனார். பட்டியலில் இருந்து சில வரிகளைப் பொறுக்கி ரேக்கில் தேட வேண்டும். அதோடு விடவில்லை, ரேக்கில் கண்ணில் பட்ட பெட்டிகளைப் பட்டியலிலும் தேட வேண்டும். முதலாவது, இல்லாத சரக்கை இருப்பதாகக் காட்டினார்களா என்று சொல்லும். இரண்டாவது, இருப்பதை விட்டுவிட்டார்களா என்று சொல்லும். எண்ணிக்கை சரியாகவே வந்தது. சீனியர் இறால் மாஸ்டர் கார்ட்டன் ஒன்றைப் பிரிக்கச் சொன்னார். உறையில் 31/40 என்று இருந்தது, அதாவது ஒரு பவுண்டுக்கு 31 முதல் 40 இறால். பனிக்கட்டியைக் கரைத்துப் பவுண்டுக்கு எத்தனை என்று எண்ணினால் 71/90 ரகம். பொடி இறால்! நம் ஊரில் யாருக்கும் விலை வித்தியாசத்தை நான் சொல்லத் தேவையில்லை. பெட்டி எண்ணிக்கை சரி, பெட்டியின் மதிப்பு தப்பு.

அதற்கப்புறம் மேலும் பெட்டிகளைப் பிரித்தோம். எந்த ரேக், எந்த லாட் எண், யார் எண்ணியது, எத்தனை மணிக்கு, எல்லாம் போட்டோவுடன் ஆடிட் ஃபைலில் ஏறியது. கணக்கில் சரக்கின் மதிப்பைக் குறைத்த பிறகுதான் பார்ட்னர் கையெழுத்துப் போட்டார். இவ்வளவு எதற்கு என்று சீனியரிடம் கேட்டேன். "இந்த ஃபைலை நாளைக்கு என்.எஃப்.ஆர்.ஏ. ஆள் பிரித்துப் பார்க்கலாம். எழுதி வைக்காத வேலை செய்யாத வேலைதான்" என்றார்.

அந்த ஆணையத்தின் ஆள் யாரும் அந்த ஸ்டோருக்கு வரவில்லை. வரக்கூடும் என்ற நினைப்பே பெட்டியைப் பிரிக்க வைத்தது.

#5 தொண்டித்துறை

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். கிளை ஆடிட் எத்தனையோ பார்த்தாயிற்று. அந்தத் தங்கச்சி சொன்ன இறால் பெட்டிக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு கேள்வி. ஃபைல் அழகாக இருந்தால் ஆடிட் நன்றாக நடந்தது என்று ஆகிவிடுமா?

ஜெர்மனியில் ஆடிட்டர் மேற்பார்வைக்கு அபாஸ் என்ற அமைப்பு 2016 முதலே இருக்கிறது. அது இருக்கும்போதுதான் 2020 ஜூனில் வயர்கார்டு கம்பெனியின் 190 கோடி யூரோ காணாமல் போனது. பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருக்கிறது என்று காட்டிய பணம் அங்கே இல்லவே இல்லை. அதை ஆடிட் செய்தது உலகின் நான்கு பெரிய நிறுவனங்களில் ஒன்றான இ.ஒய். மூன்று வருஷம் கழித்து, 2023-ல், 5 லட்சம் யூரோ அபராதமும் பொதுநலன் சார்ந்த புதிய ஆடிட்களை எடுக்க இரண்டு வருஷத் தடையும் விதித்தார்கள். பணம் போட்டவனுக்கு அதில் என்ன கிடைத்தது?

பிரிட்டனிலும் இதே கதைதான். கரிலியன் என்ற கட்டுமானக் கம்பெனி 2018 ஜனவரியில் விழுந்தது. அதை ஆடிட் செய்த கே.பி.எம்.ஜி.க்கு அந்த நாட்டு மேற்பார்வை அமைப்பான எஃப்.ஆர்.சி. 2.1 கோடி பவுண்டு அபராதம் போட்டது 2023 அக்டோபரில். நடுவில் சர் ஜான் கிங்மன் தலைமையில் ஆராய்ந்தவர்கள், எஃப்.ஆர்.சி.யையே எடுத்துவிட்டு வலுவான புது அமைப்பைக் கொண்டு வாருங்கள் என்று 2018-லேயே எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சட்டம் வரவே இல்லை.

#6 ராம்நாடு ஆடிட்டர்

தொண்டி அண்ணே, நீங்கள் வங்கி ஆள், உங்களுக்கு இது சட்டென்று பிடிபடும். சத்யமும் வயர்கார்டும் மாட்டியது ஒரே இடத்தில்தான், வங்கி இருப்பில். வங்கியிடம் ஆடிட்டர் நேரடியாகக் கேட்டு நேரடியாகப் பதில் வாங்க வேண்டும், கம்பெனிக்காரன் கையில் கடிதம் புழங்கவே கூடாது என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. எஸ்.ஏ. 505 என்று அதற்கென்றே ஒரு தரநிலை உண்டு. விதி இல்லாமல் எங்கேயும் ஆடிட் கெட்டதில்லை. விதி இருக்கிறது, நேரம் இல்லை, ஃபீஸ் பத்தாது, கம்பெனியைப் பகைத்தால் அடுத்த வருஷம் வேலை போய்விடும். கெடுவது அங்கேதான்.

அதனால் மேற்பார்வை என்பதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விழுந்த கம்பெனியின் ஆடிட்டரைப் பிடித்துத் தண்டிப்பது ஒன்று. விழாமல் நன்றாக ஓடும் கம்பெனியின் ஆடிட் ஃபைலை வருஷா வருஷம் பிரித்துப் பார்ப்பது இன்னொன்று. நீங்கள் சொன்னதெல்லாம் முதல் வகை, அது தாமதமாகத்தான் வரும். தரத்தை ஏற்றுவது இரண்டாவது வகை என்பது என் உறுதியான கருத்து.

இதில் முன்னோடி அமெரிக்காவின் ஆடிட்டர் மேற்பார்வை வாரியமான பி.சி.ஏ.ஓ.பி.தான். என்ரான், வேர்ல்டுகாம் என்ற பெரிய கம்பெனிகள் கணக்கு மோசடியில் விழுந்தபின் 2002 ஜூலையில் வந்த சார்பேன்ஸ்-ஆக்ஸ்லி சட்டம் அதை உருவாக்கியது. வாரியத்தில் ஐந்து பேர், அவர்களில் இரண்டு பேர் மட்டுமே கணக்காளர்கள். செலவின் பெரும்பகுதிக்குப் பட்டியலிட்ட கம்பெனிகளிடமும் பங்குத் தரகர்களிடமும் கட்டணம் வாங்குகிறார்கள், ஆடிட்டர்களின் காசை நம்பி இருப்பதில்லை. நூறு கம்பெனிக்கு மேல் ஆடிட் செய்யும் நிறுவனத்தை வருஷம் தவறாமல் சோதிப்பார்கள், மற்றவர்களை மூன்று வருஷத்துக்கு ஒரு முறையாவது. சிக்கல் அதிகம் இருக்கக்கூடிய ஆடிட்களாகப் பார்த்து எடுத்து, அதிலும் சிக்கலான பகுதிகளைத் துருவுவார்கள்.

2023-ல் அப்படிப் பார்த்த ஆடிட்களில் 46 சதவீதத்தில் போதிய ஆதாரம் திரட்டாமலே கருத்துச் சொன்னதாகக் கண்டார்கள். 2024-ல் அது 39 ஆக இறங்கியது. பாதிக் கம்பெனிகள் மோசடி என்று இதற்கு அர்த்தம் இல்லை. கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் சரி என்று சொல்லும் அளவுக்கு ஆடிட்டர் வேலை பார்க்கவில்லை. இந்த எண்ணை ஊரறியப் போடுகிறார்கள் பாருங்கள், அதுதான் மருந்து. ஒவ்வொரு நிறுவனத்தின் பெயரோடும் அறிக்கை வருகிறது. நிறுவனத்தின் உள் நிர்வாகக் குறைகளை மட்டும் முதலில் வெளியிடுவதில்லை. பன்னிரண்டு மாதத்தில் திருத்தினால் அது வெளியே வராது, திருத்தாவிட்டால் வரும். நான் படித்தவற்றில் புத்திசாலித்தனமான ஏற்பாடு இதுதான்.

நம் என்.எஃப்.ஆர்.ஏ.யும் இந்தப் பாதைக்கு வந்திருக்கிறது. ஐந்து பெரிய நிறுவனங்களைச் சோதித்து 2023 டிசம்பரில் அறிக்கைகளை வெளியிட்டது. யாரும் இலவசமாகப் படிக்கலாம். அதே பெயர்க் குடையின் கீழ் இருக்கும் இன்னொரு நிறுவனம் அதே கம்பெனிக் குழுமத்துக்கு வேறு சேவை விற்கிறதா, ஆடிட் ஃபைலை உரிய நாளில் பூட்டுகிறார்களா என்றெல்லாம் போய்த் துருவியிருக்கிறார்கள். ஆடிட் அறிக்கையில் கையெழுத்திட்டு 60 நாளுக்குள் ஃபைலைக் கட்டி முடித்துவிட வேண்டும். அப்புறம் சாவகாசமாகத் தாள் சொருகினால் அது ஆடிட் இல்லை.

#7 தொண்டித்துறை

சரி, ஓடும் கம்பெனியின் ஃபைலைப் பார்ப்பதுதான் முக்கியம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சோதனையையே விலைக்கு வாங்கப் பார்த்ததும் அமெரிக்காவில்தான். பி.சி.ஏ.ஓ.பி.யில் வேலை பார்த்தவர்களைக் கே.பி.எம்.ஜி. வேலைக்கு எடுத்து, எந்தெந்த ஆடிட்டைச் சோதிக்கப் போகிறார்கள் என்ற ரகசியப் பட்டியலை அவர்கள் வழியாக வாங்கியது. பரீட்சைக்கு முன் கேள்வித்தாளை வாங்கியது மாதிரி. கையெழுத்துப் போட்ட ஃபைல்களை மறுபடி பிரித்துச் சீர் செய்தார்கள். 2019-ல் 5 கோடி டாலர் அபராதம், சிலர் மீது கிரிமினல் வழக்கு. மேற்பார்வைக்குப் பல் இருந்ததால்தானே இவ்வளவு தூரம் போய் ஏமாற்றப் பார்த்தார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. பல் இல்லாத அமைப்பின் பட்டியலைத் திருட யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

#8 கீழக்கரை காக்கா

அமெரிக்கா, ஜெர்மனி என்று போய்விட்டீர்களே, எதிர்க்கரையைப் பாருங்கள். கொழும்பில் வியாபாரம் செய்த குடும்பம் எங்களுடையது, அதனால் இது எனக்குத் தெரியும். இலங்கையில் 1995-லேயே 15-ஆம் இலக்கக் கணக்கியல், கணக்காய்வு நியமங்கள் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் ஒரு கண்காணிப்புச் சபை இருக்கிறது. வங்கி, இன்ஷூரன்ஸ், பட்டியலிட்ட கம்பெனி என்று குறிப்பிட்ட வகை நிறுவனங்கள் தங்கள் கணக்கைச் சபைக்கு அனுப்ப வேண்டும். சபை கணக்கையும் பார்க்கும், கணக்காய்வு எப்படி நடந்தது என்பதையும் கேட்கும். அமெரிக்காவுக்கு ஏழு வருஷம் முந்தி! நமக்கு இருபத்து மூன்று வருஷம் முந்தி. தனுஷ்கோடியில் நின்றால் கூப்பிடு தூரம். நாம்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

#9 மண்டபம் முகாம்

நான் மீனவ மகளிர் குழுக்களோடு வேலை செய்கிறேன், மீனவர் கூட்டுறவு சங்கக் கணக்கும் ஓரளவு தெரியும். அங்கே அமைப்பே வேறு மாதிரி. கூட்டுறவுத் தணிக்கைத் துறை ஆள் வந்து பார்க்கிறார். அந்தத் துறை மாநில நிதித்துறையின் கீழ் வருகிறது, சங்கங்களை நடத்தும் துறையின் கீழ் இல்லை. இந்தப் பிரிவினை எனக்கு எப்போதும் பிடிக்கும். கணக்கு எழுதியவர் தலைவருக்குப் பயப்படலாம், தணிக்கைக்கு வந்தவர் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. தணிக்கை முடிந்து குறைகள் எழுதப்படுகின்றன, உறுப்பினர்கள் அதைப் படிப்பதில்லை. பொதுக்குழுவில் யாராவது வாசித்தாலும் "ஆட்சேபணை நிலுவை" என்ற தலைப்போடு முடிந்துவிடும். ஐஸ் வாங்கிய ரசீது இல்லை, டீசல் கணக்கில் தேதி இல்லை என்று ஆட்சேபணையில் இருப்பதைத் தமிழில் எளிமையாக நோட்டீஸ் பலகையில் ஒட்டினால் பெண்களே கேள்வி கேட்பார்கள். ஆடிட்டர் சார் சொன்னாரே, ஊரறியப் போடுவதுதான் மருந்து என்று. அது பெரிய கம்பெனிக்கு மட்டும் என்று ஏன் வைக்க வேண்டும்?

#10 முண்டுமிளகாய்

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. எனக்கு இன்னும் ஒரு பதில் வரவில்லை. ஆர்டிக்கிள் தங்கச்சி சொன்ன முதல் அலுவலகம், டீ குடித்துக்கொண்டே டிக் அடித்த அலுவலகம், அதை யார் சோதிப்பது?

#11 ராம்நாடு ஆடிட்டர்

சின்ன அலுவலகங்களுக்கு இன்ஸ்டிட்யூட்டின் பியர் ரிவியூ இருக்கிறது. ஒரு சி.ஏ. இன்னொரு சி.ஏ.யின் ஃபைல்களைப் பார்த்துச் சான்று கொடுப்பார். 2002 முதல் நடக்கிறது, வரவர அதிகம் பேருக்குக் கட்டாயமாக்கி வருகிறார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல ஏற்பாடு. ஆனால் அதன் விவரம் வெளியே தெரிவதில்லை, எந்த ஃபைலில் என்ன குறை என்று பொதுமக்கள் படிக்க வழி கிடையாது. சுயேச்சையான ஆட்கள் சின்ன ஆடிட்களிலும் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்துப் பார்க்க வேண்டும், முக்கியமாக மக்களிடம் டெபாசிட் வாங்கும் கம்பெனிகளை. அளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பொதுமக்கள் பணம் இருக்கிறதா என்பதுதான் அளவுகோலாக இருக்க வேண்டும். இதை நான் இன்ஸ்டிட்யூட் கூட்டங்களிலும் சொல்லி வருகிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் கேளுங்கள். எங்களைப் போன்ற சின்ன ஊர் அலுவலகங்கள் பெரிய கம்பெனிகளின் கிளை ஆடிட்டிலும் துணை நிறுவன ஆடிட்டிலும்தான் பிழைக்கின்றன. 2023-ல் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக்கடன் கம்பெனியின் விவகாரத்தில் கிளை ஆடிட் செய்த சின்ன நிறுவனங்களின் ஆடிட்டர்கள் பலருக்குத் தலா 1 லட்சம் அபராதமும் ஒரு வருஷம் வரை தடையும் வந்தது. பங்குதாரர் கூட்டம் முறைப்படி நியமிக்காமலே கிளை ஆடிட்டர் என்று அறிக்கை கொடுத்தார்கள், தரநிலைகளையும் பின்பற்றவில்லை. உத்தரவுகளைப் படித்தேன், நியாயம்தான். "கூப்பிட்டார்கள், போனோம், கையெழுத்துப் போட்டோம்" என்பது பதில் ஆகாது.

ஆனால் 2024-ல் எஸ்.ஏ. 600 தரநிலையைத் திருத்த என்.எஃப்.ஆர்.ஏ. முன்மொழிந்தபோது இன்ஸ்டிட்யூட் எதிர்த்தது. அப்போது இருந்த விதிப்படி கிளைகளையும் துணை நிறுவனங்களையும் பார்த்த ஆடிட்டரின் வேலையைத் தலைமை ஆடிட்டர் பெருமளவு அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். திருத்தம் வந்தால் முழுக் குழுமத்துக்கும் அவரே பொறுப்பு. விழுந்துபோன ஐ.எல்.எஃப்.எஸ். என்ற நிதிக் குழுமம் மாதிரி நூற்றுக்கணக்கான துணை நிறுவனங்கள் இருக்கும் இடத்தில் இந்தப் பொறுப்பு யாரிடமும் இல்லாமல் சிதறியது உண்மை. ஆனால் பொறுப்பு முழுவதும் தலைமை ஆடிட்டர் தலையில் விழுந்தால் அவர் தெரியாத ராமநாதபுரம் சி.ஏ.வை ஏன் நம்பப் போகிறார்? எல்லா வேலையையும் தன் ஆட்களிடமே கொடுத்துவிடுவார். நான்கைந்து பெரிய பெயர்கள் மட்டும் மிஞ்சினால் நாளைக்கு ஒன்றைத் தடை செய்யக்கூட ஆணையம் யோசிக்க வேண்டி வரும், மாற்று ஆள் இருக்க மாட்டான். திருத்தம் வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். சின்ன நிறுவனங்கள் தரம் ஏறக் காலமும் பயிற்சியும் கொடுத்துவிட்டு அதைக் கொண்டு வர வேண்டும்.

#12 உச்சிப்புளி ஆர்டிக்கிள்

சார், எங்கள் அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள், ஆணையம் ஆடிட்டர்களுக்கு அனுப்பிய நோட்டீஸ்களை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது என்று. அப்படியென்றால் அதிகாரமே போய்விட்டதா?

#13 தொண்டித்துறை

இல்லை அம்மா. 2025 பிப்ரவரியில் வந்த அந்தத் தீர்ப்பு 132-வது பிரிவு செல்லும் என்றுதான் சொன்னது. அந்த விதத்தில் ஆணையத்துக்கு வெற்றி. ஆனால் ஃபைலைச் சோதித்துக் குறை எழுதிய அதே ஆட்கள், நோட்டீஸ் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் முடிவு செய்தால் நடுநிலை எங்கே என்று கேட்டு அந்த நோட்டீஸ்களை ரத்து செய்தது. வங்கியில் விஜிலன்ஸ் அதிகாரி ஒருவர், விசாரணை அதிகாரி வேறொருவர். அந்த வழக்கம் எதற்கு என்று அடிபட்டவனுக்குத் தெரியும். ஆடிட்டர் சுதந்திரமாக இருக்க வேண்டும் என்று கேட்கிற அமைப்பு, தன் வீட்டுக்குள்ளும் சோதிக்கிற கையையும் தீர்ப்பு எழுதுகிற கையையும் பிரித்து வைக்க வேண்டும். தண்டனை மேல்முறையீட்டில் நிற்க வேண்டுமென்றாலும் அதுதான் வழி.

#14 பாம்பன்பாலம்

இவ்வளவு பேர் பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஆடிட்டர் சார், அப்பாவிடம் இருக்கும் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு இப்போது நான் என்ன செய்ய முடியும்? பங்குகளுக்கும் இனிமேல் எதைப் பார்த்து வாங்குவது?

#15 ராம்நாடு ஆடிட்டர்

ஆடிட் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் சி.ஏ.வின் கையெழுத்துக்குக் கீழே யு.டி.ஐ.என். என்று எழுத்தும் இலக்கமும் கலந்து 18 இடம் கொண்ட அடையாள எண் இருக்க வேண்டும். 2019 ஜூலை 1-க்குப் பிறகு கையெழுத்தான எல்லா ஆடிட் அறிக்கைக்கும் இது கட்டாயம். இன்ஸ்டிட்யூட்டின் யு.டி.ஐ.என். தளத்தில் அந்த எண்ணைப் போடுங்கள், காசு கிடையாது. என்ன ஆவணம், எந்தத் தேதி, ஆடிட்டர் பதிவு செய்த முக்கியத் தொகைகள் எவை என்று காட்டும். புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பங்குக் கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் ஆடிட்டர் அறிக்கையை முதலில் படியுங்கள். மேனேஜ்மென்ட் போட்ட படங்களெல்லாம் அப்புறம். "இதைத் தவிர" என்று ஏதாவது விலக்கு வைத்திருக்கிறாரா, நோட்ஸில் ஆடிட் ஃபீஸ் எவ்வளவு, அதே ஆடிட்டருக்கு மற்ற வேலைகளுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று பாருங்கள். நடு வருஷத்தில் ஆடிட்டர் ராஜினாமா செய்திருந்தால் காரணத்தைத் தேடிப் படிக்காமல் ஒரு பங்குகூட வாங்காதீர்கள். அந்த ஆடிட்டர் பெயரில் உத்தரவு ஏதாவது இருக்கிறதா என்று என்.எஃப்.ஆர்.ஏ. தளத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

#16 பாம்பன்பாலம்

சார், எண்ணைப் போட்டுப் பார்த்தேன். எண் உண்மையானதுதான், அதே கம்பெனி, அதே வருஷம். ஆனால் தளத்தில் காட்டும் டெபாசிட் தொகையும் அப்பா கையில் இருக்கும் புத்தகத்தில் உள்ள தொகையும் ஒன்றாக இல்லை. புத்தகத்தில் நிறையக் குறைவு. இலாபமும் வேறு மாதிரி இருக்கிறது.

#17 ராம்நாடு ஆடிட்டர்

தம்பி, இது பெரிய விஷயம். அந்த ஆடிட்டர் கையெழுத்திட்ட கணக்கு ஒன்று, கவுன்டரில் மக்களுக்குக் கொடுத்த புத்தகம் வேறொன்று என்று இருக்கலாம். அப்படியானால் ஆடிட்டரைக் குற்றம் சொல்லும் முன், கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்த பேலன்ஸ் ஷீட்டை கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் சிறு கட்டணம் கட்டி எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

தாக்கல் செய்ததும் யு.டி.ஐ.என். தொகையும் ஒத்துப்போய், புத்தகம் மட்டும் வேறு என்றால் கம்பெனிக்காரர்கள் அச்சிலேயே மாற்றியிருக்கிறார்கள். அது 1997-ல் வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போக வேண்டிய புகார். அந்தச் சட்டத்துக்கான தனி நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. தாக்கல் செய்த கணக்கே புத்தகத்தைப் போல இருந்து, யு.டி.ஐ.என். மட்டும் மாறியிருந்தால் ஆடிட்டர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு இன்ஸ்டிட்யூட்டின் ஒழுங்கு இயக்குநருக்கு ‘படிவம் I’-இல் புகார் எழுதுங்கள். வரைவை இங்கே பெயரில்லாமல் போடுங்கள், நான் பார்த்துத் தருகிறேன்.

அசல் புத்தகத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் மட்டும் போதும். டெபாசிட் ரசீதையும் சேர்த்து இரண்டு நகல் எடுத்து வையுங்கள்.

#18 மண்டபம் முகாம்

பாம்பன் தம்பி, அந்தக் கம்பெனியில் எங்கள் குழுப் பெண்கள் சிலரும் கட்டியிருக்கிறார்கள். அவர்களிடமும் அதே புத்தகம் இருக்கிறதா என்று நாளைக்குக் கேட்டுப் பார்க்கிறேன். இருந்தால் சேர்ந்தே மனு கொடுப்போம், தனித்தனியாகப் போக வேண்டாம்.